முதல் மெட்டல் ஷோ: மைதானமா, கிளப்பா, நம்ம ஊர் மண்டபமா?

போன மாதம் அக்கா மகள் பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் ஒரு நோட்டுத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். பஸ் காசில் மிச்சம் பிடித்தது, பிறந்தநாளுக்குத் தாத்தா கொடுத்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து வாங்கியது என்று வரிவரியாக எழுதி, கீழே கோடு போட்டு 8,000 என்று கூட்டியிருந்தாள்.

"சித்தி, இத வச்சு ஒரே ஒரு மெட்டல் ஷோதான் பாக்க முடியும். பெரிய பேண்ட் வார மைதானத்துக்குப் போகட்டுமா, இல்ல பெங்களூர்ல ஏதாவது கிளப்புக்குப் போகட்டுமா? அம்மாகிட்ட நீங்கதான் பேசணும்."

அவளுக்கு வருகிற தை மாதம்தான் 21 முடிகிறது. இந்த விவரம் முடிவைப் பெரிதும் மாற்றும். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் 2009 முதல் ஏழு வருடம் பெங்களூரில் வேலை பார்த்தேன். அப்போது தொடங்கிய பழக்கம், ஊருக்குத் திரும்பிய பிறகும் விடவில்லை. வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவையாவது ரயிலேறிப் போய் மெட்டல் ஷோவோ ஹார்ட்கோர் ஷோவோ பார்த்துவிட்டு வருகிறேன். மெட்டல் என்றால் கிட்டாரும் டிரம்ஸும் கனமாக இரைகிற ராக், ஹார்ட்கோர் என்றால் பங்க் ராக்கில் இருந்து வந்த ஆவேசமான குட்டிப் பாட்டு. அதனால் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்பவள் அவள் மட்டும் இல்லை. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் கறுப்பு டி-ஷர்ட்டோடு திரிகிற பையன்கள், சர்ச்சில் டிரம்ஸ் வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்து ஹெட்போனில் ஸ்லேயர் என்ற மெட்டல் பேண்டைக் கேட்கிற பிள்ளைகள், எல்லோருக்கும் இதே சந்தேகம்தான். பாட்டு கையில் இருக்கிறது, நேரில் பார்க்க இடம் இல்லை. போவதென்றால் பெங்களூரு 600 கிலோமீட்டரை ஒட்டி, சென்னை அதைவிடச் சற்றுக் கூடுதல், திருவனந்தபுரம் 150. இவ்வளவு தூரம் போகிறவர்கள் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எனக்கு ஒரு உறுதியான அபிப்பிராயம் உண்டு.

முதலில் அந்தச் சொல். அக்காவின் பயம் பாதி "கிளப்" என்ற வார்த்தையில்தான் இருந்தது. நம்ம பக்கம் கிளப் என்றால் மனமகிழ் மன்றம், சீட்டாட்டம். அதற்கு முந்தின தலைமுறைக்கு அது காபி கிளப். இங்கே நான் சொல்கிற கிளப் வேறு. ஒரு கட்டடத்தின் மேல்மாடியோ அடித்தளமோ, இருநூறு முந்நூறு பேர் நிற்கிற அளவுக்கு ஒரு கூடம். ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் முழங்கால் உயரத்தில் ஒரு மேடை. மற்ற நாட்களில் அது சாப்பாட்டுக் கடை. ஷோ நாளில் நாற்காலி மேசையை ஓரம் கட்டிவிடுவார்கள்.

மைதானத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2007 மார்ச் 17 அன்று அயர்ன் மெய்டன் பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் வாசித்ததைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் அந்தத் தேதியைக் கல்யாண நாள் போல நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த நாள் 2011 அக்டோபர் 30, மெட்டாலிக்கா. அதற்கு இரண்டு நாள் முன்னால் குர்கானில் நடக்க வேண்டிய ஷோ நடக்காமல் போயிருந்தது. அதனால் பெங்களூரிலும் மேடையில் விளக்கு எரிகிற வரைக்கும் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. எரிந்ததும் அந்தக் கூட்டம் எழுப்பிய சத்தம், அதுவே ஒரு பாட்டு. முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே வரியை ஒரே மூச்சில் பாடுவதைக் கிளப்பில் கேட்க முடியாது. அது மைதானத்துக்கே உரியது.

ஆனால் அன்றைக்கு நான் நின்ற இடத்திலிருந்து மேடை நூறு மீட்டருக்கு மேல். டிரம்மர் கையை ஓங்கி அடிப்பது முதலில் கண்ணுக்கு வந்தது, சத்தம் அப்புறம் வந்தது. சுலோசன முதலியார் பாலத்தில் நின்று, தூரத்தில் ஆற்றங்கரைக் கல்லில் துணி துவைக்கிறவரைப் பார்த்தால் எப்படி இருக்கும்? துணி கல்லில் விழுந்து மறுபடி மேலே போகும்போதுதான் 'தப்' என்று காதில் விழும். அதே கதைதான். சத்தம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும். 120 மீட்டர் தள்ளி நின்றால் மூன்றில் ஒரு பங்கு வினாடி தாமதம். மெல்லிசைக்கு இது பெரிய விஷயம் இல்லை. நிமிடத்துக்கு இருநூறு தட்டு ஓடுகிற த்ராஷ் மெட்டலில் அந்த இடைவெளிக்குள் ஒரு அடி முழுசாகப் போய்விடுகிறது. பிறகு மேடையை விட்டுவிட்டுத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் பார்க்க நான் அங்கே போக வேண்டியதில்லை.

மைதானத்தில் இன்னொரு வகை உண்டு, அது திருவிழா. பெங்களூரு ஓப்பன் ஏர் 2012-ல் தொடங்கியது. முதல் வருடமே ஜெர்மனியின் கிரியேட்டர் வந்து வாசித்தது. ஒரே நாளில் பல பேண்டுகள் அடுத்தடுத்து மேடை ஏறும் என்பதால் டிக்கெட் காசைப் பேண்ட் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால் லாபம்தான். போகிறவர்களுக்கு ஒரு யோசனை: வெயில் இருக்கும்போதே போய்விடுங்கள். பெரிய பேண்டுக்காகக் காத்திருக்கிறவர்கள் அப்போது வந்திருக்க மாட்டார்கள், மேடைக்கு முன்னால் இடம் தாராளமாக இருக்கும். நம்ம நாட்டு பேண்டுகள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வாசிப்பார்கள். எட்டு மணி நேரம் நிற்க வேண்டும், தண்ணீருக்கு வரிசை, பெண்கள் கழிப்பறைக்கு அதைவிட நீளமான வரிசை. ஒரு தடவை நான் தண்ணீர் குடிக்காமலேயே இருந்து, கடைசி பேண்ட் வரும்போது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். ஆகையால் இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

இனி கிளப்.

பெங்களூருக்குப் போன முதல் வருடம், அலுவலகத்துத் தோழி ஒருத்தி ஒரு சனிக்கிழமை ராத்திரி இழுத்துக்கொண்டு போனாள். உள்ளூர் த்ராஷ் பேண்ட். நூறு பேர் இருந்திருப்போம். எனக்கும் டிரம்மருக்கும் நடுவில் ஒரு ஆள் நீளம்தான். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு சாக்ஸோடு உட்கார்ந்தார். அதுவரை டபுள் பாஸ், அதாவது இரண்டு பெடலால் பெரிய டிரம்மை அடிப்பதை, நான் காதில் மட்டும் கேட்டிருந்தேன், ஒரு தொடர்ச்சியான உறுமலாக. அன்றைக்குத்தான் அது இரண்டு கால் என்று கண்டேன். பாதம் முழுசாக அழுத்தவில்லை, குதிகால் தூக்கியே இருந்தது, கணுக்காலில் இருந்து மட்டும் ஒரு துடிப்பு. பெடலின் ஸ்பிரிங் கீச்சிடுவது பாட்டுக்கு நடுவில் கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் என் சட்டையின் கீழ் விளிம்பு காற்றில் அசைவது போல அசைந்தது. பார் மேசையில் யாரோ வைத்துவிட்டுப் போன கண்ணாடி டம்ளர் மெல்ல மெல்ல நகர்ந்து ஓரத்துக்கு வந்ததும், பரிமாறுகிறவர் பார்க்காமலே கையை நீட்டி அதை உள்ளே தள்ளினார். அவருக்கு அது பழக்கம்.

அந்த ராத்திரி எனக்கு நினைவு வந்தது எங்கள் ஊர்க் கொடை, அதாவது கோயில் திருவிழா. சுடலைமாடன் கோயில் கொடையில் கணியான் கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மகுடம் என்கிற தோல் கருவி இரண்டு இருக்கும், ஒன்று உச்சம், ஒன்று மந்தம். தோலை நெருப்பில் காட்டிக் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடி காட்டுவார்கள். நள்ளிரவுச் சாமக்கொடை நெருங்க நெருங்க அடி வேகமெடுக்கும். அதே சத்தம் புளியமரத்தில் கட்டின கூம்பு ஒலிபெருக்கி வழியாக அடுத்த தெருவுக்கும் போகிறது. அங்கே படுத்திருக்கிறவர் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவார். மகுடத்துக்கு இரண்டடி தள்ளி நிற்கிறவருக்குத்தான் உடம்பு நடுங்கும், அவர்மேல்தான் சாமி வரும். மெட்டலும் ஹார்ட்கோரும் அந்த இனத்துச் சங்கீதம். தூரத்தில் நின்று ரசிக்கலாம், ஆனால் அது செய்ய வந்த காரியத்தைப் பக்கத்தில்தான் செய்யும். முதல் தடவை போகிறவர்களை நான் கிளப்புக்கு அனுப்புவது இதனால்தான்.

பேண்டுகளும் அங்கே இருக்கின்றன. பெங்களூரின் கிரிப்டாஸ் 1998-ல் தொடங்கியது. ஜெர்மனியின் வாக்கன் திருவிழாவில் 2013-ல் வாசித்தது. அப்படிப்பட்ட பேண்டை உள்ளூரில் சில நூறு ரூபாய்க்கு, மேடையில் கை வைத்துக்கொண்டு பார்க்க முடிகிறது. முடிந்ததும் அவர்களே வந்து டி-ஷர்ட் மேசைக்குப் பின்னால் நிற்பார்கள். எந்த கிட்டாருக்கு எந்த ஸ்டிரிங் போடுகிறார்கள் என்று கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள். அங்கே வாங்குகிற டி-ஷர்ட் காசுதான் பல பேண்டுகளுக்கு அடுத்த ஊருக்குப் போக டிக்கெட்.

ஹார்ட்கோர் விஷயத்தில் எனக்குத் தேர்வே கிடையாது. கிளப், இல்லையென்றால் சின்ன மண்டபம், அவ்வளவுதான். பாட்டு ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடம். பாடுகிறவர் பாதி வரியைத் தான் பாடி, மீதிக்கு மைக்கைக் கூட்டத்துக்குள் நீட்டுவார். பத்துப் பேர் அந்த ஒரு மைக்கின் மேல் விழுந்து கத்துவார்கள். மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் இரும்புத் தடுப்பு வைத்தால் அந்தப் பாட்டு பாதியோடு நின்றுவிடும். மும்பையின் ஸ்கிரைப் மாதிரி ஹார்ட்கோரும் மெட்டலும் கலந்து வாசித்தவர்களைப் பெரிய மேடையிலும் பார்த்திருக்கிறேன், கிளப்பிலும் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒன்றில்லை.

அக்காவிடம் பேசும்போது எனக்குக் கைகொடுத்ததும் ஹார்ட்கோர் வரலாறுதான். 1980-ல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனைச் சேர்ந்த டீன் ஐடில்ஸ் என்ற பேண்ட், கலிபோர்னியாவில் ஒரு கிளப்பில் வாசிக்கப் போனது. எல்லோரும் குடிக்கிற வயசு வராத பையன்கள். வெளியே அனுப்பாமல், புறங்கையில் மார்க்கர் பேனாவால் பெரிய பெருக்கல் குறி போட்டு உள்ளே விட்டார்கள். அந்தக் குறி இருந்தால் பாரில் ஊற்றித் தர மாட்டார்கள். ஊர் திரும்பினதும் அங்கிருக்கிற கிளப்புகளிடம் இதே முறையைக் கேட்டு வாங்கினார்கள். பிற்பாடு, குடிக்கவே மாட்டோம் என்று முடிவெடுத்தவர்கள் வயசு வந்த பிறகும் அந்தக் குறியைத் தாங்களாகவே போட்டுக்கொண்டார்கள். நியூயார்க்கின் சிபிஜிபி கிளப்பில் 1980-களில் ஞாயிற்றுக்கிழமை பகலில் ஹார்ட்கோர் ஷோ நடந்தது, சின்ன வயசுக்காரர்களும் வர வசதியாக. இதையெல்லாம் சொன்னபோது அக்கா ஒன்றும் பேசவில்லை. கேட்டுக்கொண்டாள்.

நம்ம நாட்டில் நிலைமை வேறு. பார் உள்ள இடத்தில் வாசலிலேயே வயசு பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் குடிக்கும் வயசு 21. கேரளத்தில் 2017-க்குப் பிறகு 23. பெங்களூருக் கிளப் ஷோக்களிலும் 21 முடிந்தவர்களுக்கு மட்டும் என்று டிக்கெட்டிலேயே பல தடவை அச்சிட்டிருக்கும். குடிக்காவிட்டாலும் உள்ளே விட மாட்டார்கள். 600 கிலோமீட்டர் போய் வாசலில் நின்று அழுத ஒரு பையனை நான் பார்த்திருக்கிறேன். டிக்கெட் எடுக்கும் முன் அந்த வரியைப் படியுங்கள், ஆதார் அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

எந்த ஊர் என்று பார்த்தால், சென்னையை வேகமாகத் தாண்டிவிடலாம். ரயில் வசதியில் சென்னைக்கு ஈடு இல்லை. நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி படுத்தால் காலையில் எழும்பூர், பகலில் போவதென்றால் 2023 செப்டம்பரில் வந்த வந்தே பாரத்தில் எட்டு மணி நேரத்துக்குள். ஆனால் மெட்டல் ஷோ என்று பார்த்தால் பெங்களூரு அளவுக்கு அடிக்கடி நடப்பதாக என் அனுபவத்தில் இல்லை. ராக் இசைக்காரர்களை வளர்த்ததில் அடையாறு அன்வைண்ட் சென்டர் என்கிற இசை மையத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கல்லூரிப் பிள்ளைகள் ஐஐடியின் சாரங் விழாவை மறக்கக் கூடாது. 2009-ல் ஸ்வீடனின் ஓபெத் அங்கே வந்து வாசித்தது. வயசுத் தொல்லை இல்லாத பெரிய மேடை வேண்டும் என்பவர்கள் ஜனவரியில் அந்த விழா அறிவிப்பைப் பாருங்கள்.

நம்ம பக்கத்து ஆட்கள் நினைத்துக்கூடப் பார்க்காதது திருவனந்தபுரம். அங்கே போவதென்றால் நம் வீடுகளில் ஆஸ்பத்திரிக்கோ பத்மநாபசுவாமி கோயிலுக்கோதான் போவார்கள். ஆனால் கேயாஸ் என்கிற த்ராஷ் பேண்ட் அந்த ஊர்க்காரர்கள், 2013-ல் முதல் ஆல்பம் போட்டார்கள். கேரளத்து மெட்டல் கூட்டம் ரொம்பவும் ஒட்டுதலானது. மலையாளம் நமக்குப் பாதி புரியும், நாம் பேசுவது அவர்களுக்கு முழுக்கப் புரியும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாகப் பஸ்ஸில் போனால் சாயங்காலம் தம்பானூரில் இறங்கலாம். ஷோ முடிந்து ராத்திரியே நாகர்கோவில் பஸ் பிடித்து, அங்கிருந்து மாறி விடியும் முன் வீட்டுக்கு வந்துவிடலாம். தங்கும் செலவு இல்லை. நான் அங்கே பார்த்த ஷோக்களில் இரண்டு, பார் இல்லாத அரங்குகளில் நடந்தவை, வயசும் கேட்கவில்லை. குறை என்னவென்றால், சில மாதம் ஒன்றுமே இருக்காது. பேண்டுகளின் பக்கங்களைப் பின்தொடர்ந்து அறிவிப்பு வருகிற வரைக்கும் பொறுமையாக இருக்க வேண்டும். கொச்சிக்குப் போகிறவர்களுக்குப் பாலருவி எக்ஸ்பிரஸ் உண்டு. செங்கோட்டை, புனலூர் மலைப்பாதையில் ராத்திரிப் பயணம், காலையில் எர்ணாகுளம்.

நம்ம ஊரிலேயே நடத்தினால் என்ன? நடத்தினோம். பாளையங்கோட்டையில் ஒரு சின்ன மண்டபத்தை ஞாயிற்றுக்கிழமை அரை நாளுக்கு எடுத்து, நாகர்கோவிலில் இருந்து ஒரு பேண்ட், திருவனந்தபுரத்தில் இருந்து ஒரு பேண்ட், இங்கே கல்லூரிப் பையன்கள் மூன்று பேர். டிரம்ஸ், ஒரு பையன் தன் சர்ச்சில் கேட்டு வாங்கி வந்தது. ஒலி மாசு விதிகள் 2000-ன்படி ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்குக்கு விதிவிலக்கு இருந்தாலும், நம்ம மண்டபங்களில் ஜன்னலைச் சாத்தினாலும் சத்தம் தெருவில்தான் இருக்கும். அதனால் சாயங்காலம் நாலு மணிக்குத் தொடங்கி ஏழரைக்கு முடித்தோம். போலீஸ் ஸ்டேஷனில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தோம். வந்தது எழுபது பேருக்குக் கிட்ட. சுக்குக் காபியும் சுண்டலும்.

அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது மைக் செட் அண்ணாச்சியிடம். கிட்டாரின் தடித்த கம்பி சாதாரணமாக 82 ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 82 தடவை, அதிரும். மெட்டல் பேண்டுகள் அதைத் தளர்த்தி 62 வரைக்கும் இறக்குவார்கள். கம்பியைத் தளர்த்துகிற இந்தப் பழக்கத்துக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் பிளாக் சப்பாத்தின் டோனி ஐயோமி. பர்மிங்ஹாம் தகரத் தொழிற்சாலையில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர், விரல் வலிக்காமல் இருக்கத்தான் தளர்த்தினார். பேஸ் கிட்டார் அதற்கும் கீழே, 41 ஹெர்ட்ஸ். கூம்பு ஸ்பீக்கரில் இது எதுவும் வராது, கொர கொர என்று நடுச் சத்தம் மட்டும் வரும். அதனால் ஊர்வலங்களுக்கு எடுத்துப் போகிற பெரிய பேஸ் பெட்டிகளை வாடகைக்குக் கேட்டோம். அண்ணாச்சி வில்லுப்பாட்டுக்கும் கொடைக்கும் முப்பது வருடமாக செட் கட்டுகிறவர். நாங்கள் பெட்டியை மண்டபத்து மூலையில் வைத்திருந்தோம். முதல் பாட்டைக் கேட்டார், மூலைக்குப் போனார், சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பெட்டியை இரண்டு பேர் பிடிக்க நாலடி முன்னால் இழுத்துப் போட்டார். அதுவரை எல்லாமாகச் சேர்ந்து கும்மென்று ஒலித்தது தெளிந்து, டிரம்மின் அடி தனியாக, கிட்டார் தனியாகக் கேட்டது. "மூலையில வச்சா சுவரும் சேந்து வாசிக்கும் தாயி" என்றார்.

இந்த மண்டப ஷோ கிளப்புக்கு இணையா என்றால், சத்தத்தில் இல்லை, விளக்கில் இல்லை. மின்விசிறிக்குக் கீழே வேர்த்து ஊற்றியது. மேடைக்குப் பக்கத்தில் நிற்பதில் இணைதான், ஹார்ட்கோருக்கு இதைவிடப் பொருத்தமான இடமே இல்லை என்றுகூடச் சொல்வேன். பேண்டுகளுக்குப் பஸ் காசும் சாப்பாடும் போக, மண்டப வாடகையில் கொஞ்சம் கையை விட்டுப் போனது. அடுத்ததையும் நடத்துவோம். ஆனால் வருடத்துக்கு ஒன்று நடந்தால் அதிகம். அதை மட்டும் நம்பி ஒருத்தியின் ஆசையைக் காக்க வைக்க முடியாது.

எங்கே போனாலும் இரண்டு விஷயம். ஒன்று காது. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது வேலையிடங்களுக்கான கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் கால் மணி நேரம்தான். மெட்டல் ஷோவில் நூறு என்பது சாதாரணம், கிளப்பில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் அதற்கும் மேல். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் இசை அரங்குகளுக்குச் சொன்ன சராசரி உச்ச அளவும் 100 தான். 2010-ல் ஒரு ஷோ முடிந்து எனக்கு இரண்டு நாள் காதில் சில்வண்டு கத்தியது. மூன்றாம் நாள் நின்றது. சிலருக்கு நிற்காமலே போய்விடும். பஞ்சு போன்ற காது அடைப்பான் மருந்துக் கடையிலேயே கிடைக்கும், விலை கொஞ்சம்தான். அதைப் போட்டால் பாட்டு கெட்டுப்போகாது. சிம்பல் இரைச்சல் அடங்கிப் பாடுகிறவரின் வார்த்தை இன்னும் நன்றாகக் கேட்கும்.

இன்னொன்று மோஷ் பிட், மேடைக்கு முன்னால் ஒருவர்மேல் ஒருவர் மோதி ஆடுகிற வட்டம். வெளியே இருந்து பார்த்தால் சண்டை மாதிரி இருக்கும். உள்ளே ஒழுங்கு உண்டு. யாராவது விழுந்தால் சுற்றியிருக்கிற நாலு பேரும் ஆட்டத்தை நிறுத்தித் தூக்கிவிட வேண்டும், அதுதான் முதல் விதி. கண்ணாடியோ செருப்போ விழுந்தால் எடுத்தவர் கையை உயர்த்திக் காட்டுவார். வட்டத்தின் விளிம்பில் நிற்கிறவர்கள் கையை மார்புக்கு முன்னால் வைத்துக்கொண்டால் மோதுகிறவரை மெதுவாகத் திருப்பி அனுப்பலாம். ஆட விருப்பமில்லை என்றால் மிக்ஸருக்கு, அதாவது சத்தத்தைச் சரி செய்கிற கருவிக்குப் பக்கத்தில் நில்லுங்கள். சவுண்ட் பார்க்கிறவர் தன் காதுக்குத்தான் சரி செய்கிறார், ஆகவே அந்தக் கூடத்திலேயே நல்ல சத்தம் அங்கேதான், மோதலும் இருக்காது. பெண்களுக்கு ஒரு வார்த்தை: பெரிய கூட்டத்தில் ஒருவன் கையை நீட்டினால் அவனைக் கண்டுபிடிக்கவே முடியாது. கிளப்பில் எனக்கு ஒரு தடவை அப்படி நடந்தது. டி-ஷர்ட் மேசையில் இருந்தவரிடம் போய்ச் சொன்னேன். பேண்ட் பாட்டை நிறுத்தி, விளக்கைப் போடச் சொல்லி, அவனை வெளியே அனுப்பிவிட்டுத்தான் மறுபடி வாசித்தது. எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று உத்தரவாதம் தர முடியாது. ஆனால் நூறு பேர் கூட்டத்தில் என் குரல் எட்டியது, அது மைதானத்தில் எட்டாது.

அப்புறம் அந்த 8,000 ரூபாய். வெளிநாட்டு பேண்ட் வருகிற மைதானம் என்றால் டிக்கெட்டே ஆயிரங்களில். போக வர, தங்க, தண்ணீர் பாட்டில் வரைக்கும் அங்கே விலை கூட. மொத்தமும் ஒரே நாளில் போய்விடும். கிளப் கணக்கு வேறு. நாகர்கோவில் - பெங்களூரு ரயிலில் திருநெல்வேலியில் சாயங்காலத்துக்கு மேல் ஏறினால் காலையில் பெங்களூரு. ஸ்லீப்பரில் போய் வர ஆயிரத்துக்குள் முடியும். டிக்கெட் சில நூறு, ஒரு ராத்திரி என் பழைய தோழி வீடு, ஒரு டி-ஷர்ட். இரண்டு தடவை போனாலும் திருவனந்தபுரத்துக்கு ஒரு பயணக் காசு மிஞ்சும். ஒரே ஒரு ஷோதான் என்று அவள் சொன்னது மைதானத்தை மனதில் வைத்துத்தான்.

அதனால் முடிவு இப்படி வந்தது. தை வரைக்கும் கிளப் கிடையாது. அதற்குள் திருவனந்தபுரத்தில் வயசு கேட்காத அரங்கில் ஒரு ஷோ அறிவித்தால் நானும் அவளும் போகிறோம், அக்காவும் வருவதாகச் சொல்கிறாள். 21 முடிந்ததும் பெங்களூரு, வெள்ளிக்கிழமை ராத்திரி ஏறி, சனிக்கிழமை ஷோ, ஞாயிறு சாயங்காலம் திரும்பும் ரயில். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும், ஞாயிறு ரயில்தான் முதலில் நிரம்பும். ஆகவே வருகிற டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு, போகிற டிக்கெட்டைப் பிறகு எடு என்று சொல்லியிருக்கிறேன். மைதானத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் உயிராக நினைக்கிற பேண்ட் ஒன்று வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம், அதற்கு மறுபடி சேர்க்கட்டும்.

நேற்று போனில் அவள் கேட்டது ஒன்றுதான்: "உள்ள போனதும் எங்க நிக்க சித்தி?" முதல் பேண்டுக்கு மிக்ஸர் பக்கம் நில், சத்தம் பழகட்டும் என்றேன். இரண்டாவது பேண்டுக்கு முன்னால் போய், டிரம்மரின் கால் தெரிகிற பக்கமாகப் பார்த்து நிற்கச் சொன்னேன்.